திணைக் கோட்பாடும் கல்லோயா நீரும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்டு, உணவு, தொழில், பறை முதலிய கருப்பொருள்களை அவற்றின்பாற் சார்த்தி வகுத்தது தமிழிலக்கண மரபு. இவ்வகுப்பைச் செய்யுள் மரபாகக் கொள்ளாது, மக்கள் வாழ்வின் ஏற்றத்தாழ்வுக்கே காரணமாகக் காட்டுவோர் இன்றும் உளர். மருதம் வளமுடையது, நெய்தல் வறியது, அஃது இயற்கையின் நியதி என்பது அவர் துணிபு. அம்பாறைக் கரையோரத்தை நோக்குவார்க்கு இத்துணிபு நிலைபெறாது.

கல்முனைப் பகுதியிற் கிழக்கே வலைத்தொழில். மேற்கே சிறிது சென்றாற் சம்மாந்துறை வயல்வெளி. அருகேயுள்ள மருதமுனையோ கைத்தறி நெசவாற் பெயர் பெற்ற ஊர். அத்தறிக்கு வேண்டும் நூல் வெளியிலிருந்து வருவது, அம்மணலில் விளைந்ததன்று. இத்தறி எந்நிலத்தின் கருப்பொருள்? இது தொல்காப்பியர்பாற் குறையன்று. திணை மயங்குதற்கு இடந்தந்தவர் அவர். செய்யுளிலக்கணத்தைப் பொருளியல் நூலாகப் படிப்பார் மேலதே குறை.

வயலின் கதையும் அத்தகையதே. கரையோரத்தார் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயா, மேற்கே மலைச்சரிவிற் பிறந்து கீழ்கடலை நாடுவது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரம் தோன்றிற்று. காடு திருத்தப்பட்டு மேற்கே புதிய குடியேற்றங்கள் அமைந்தன. மழையையும் ஆற்றையும் சிறு குளங்களையும் நம்பியிருந்த கீழைப் பழவயல்கள் பலவற்றுக்குச் சிறுபோக நீர் கிடைத்தது உண்மை. அந்நன்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆயின், மதகு மேலே, வயல் கீழே என்னும் புதிய உறவும் அன்றே பிறந்தது. 1961 இல் மட்டக்களப்பினின்றும் பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று; அதன் தலைநகரும் கரையிலன்றி உள்நாட்டிலேயே அமைந்தது.

இந்நிலை ஈழத்துக்கே உரியதன்று. நடு ஆசியாவின் பரந்த புல்வெளியைத் திணை நோக்கில் முல்லை என்னலாம். அதனூடே ஓடும் சிர் தாரியா ஆற்றின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதும் 1960 முதல் ஆரல் கடல் சுருங்கியதற்கு ஒரு காரணம். மேலே பருத்தி விளைந்தது; கடைக்கோடி மீனவரின் படகுகளோ மணலிற் கிடந்தன. இது நிலத்தின் குணமன்று, பங்கீட்டின் விளைவு.

பங்கீடு மாறின் விளைவும் மாறும் என்பதற்குச் சான்று கல்லோயாவிலேயே உண்டு. 1981 இல் நீர்த்தேக்கம் கால்பங்கே நிறைந்திருந்த காலை, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் உழவர் குழுக்களை அமைக்கத் துணைநின்றன. வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன. மேல்மடையார் தம் முறைநீரிற் சிக்கனம் பேணிக் கடைமடைக்கும் நீர் விட்டனர். இம்முயற்சியை நோர்மன் அப்ஹோவ் 1992 இல் தனி நூலாகவே எழுதினார். புதிய அணை ஒன்றும் கட்டப்படவில்லை. மழையும் மிகுதியாகப் பெய்யவில்லை.

நெய்தலின் வறுமையும் முற்றும் இயற்கை தந்ததன்று. மீனவர் நலனையும் கருதியதாகக் கூறப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணலோட்டத்தை மறித்தன. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவிற் கரையையும் தென்னந்தோப்புக்களையும் கடல் அரித்துச் சென்றது.