மசலாவும் துணுக்கும்

நமது சஞ்சிகைகளின் சிறுவர் பக்கங்களில் கதைக்கும் பாட்டுக்கும் அடுத்தபடியாக இடம்பிடித்திருப்பது 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற துணுக்குப் பகுதியாகும். விமர்சகர்கள் இதனை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. பக்கத்தின் அடியில் எஞ்சும் வெற்றிடத்தை நிரப்புவதாகவே கருதுகின்றனர். ஆனால் பிள்ளைகள் முதலில் வாசிப்பது அதைத்தான் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறேன். கணவாய்க்கு மூன்று இதயங்கள், அதன் இரத்தம் நீலம் என்று வாசித்தவன் அடுத்த நிமிடமே பக்கத்து வாங்கில் இருப்பவனை "தெரியுமாடா?" என்று மடக்குகிறான். அந்த மடக்குதலில்தான் துணுக்கின் சுவையே இருக்கிறது.

இச்சுவை நமக்குப் புதியதன்று. 1572 இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா, முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. 'அதிசய புராணம்' என்பது அதன் மற்றொரு பெயர். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபி (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அது அமைந்துள்ளது. நூறு மசலா, வெள்ளாட்டி மசலா என இம்மரபு பின்னரும் தொடர்ந்தது. வெள்ளாட்டி மசலாவில் அறிஞர்களின் வினாக்களுக்கு விடை சொல்பவள் ஓர் அடிமைப் பெண். மசலாவில் வினா முன்னே வருகிறது. கேட்பவர் சற்று யோசிக்கிறார். விடை சொல்பவர் யார் என்பதும் தெரிகிறது.

நவீன துணுக்கு வேறு வழியில் வந்தது. 1918 இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் றிப்ளி தொடங்கிய 'நம்பினால் நம்புங்கள்' பாணி உலகெங்கும் பரவியது. தமிழில் தமிழ்வாணனின் 'கல்கண்டு' துணுக்கை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. எளிய நடையால் வாசகர் கூட்டமொன்றையே அது உருவாக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இந்த வடிவத்தில் வினா பெயரளவுக்குச் சுருங்கிற்று. சொன்னவர் யார் என்பது அறவே மறைந்தது.

விளைவு என்ன? சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்று இன்றும் அச்சிடுகிறோம். 2003 இல் விண்வெளி சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றி வரும்போதே தமக்கு அது தென்படவில்லை என்றார். இதைவிட வருந்தத்தக்கது, நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்கொலி கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற துணுக்கு. அவர் அவ்வாறு தழுவவில்லை என்று 1983 இலேயே அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் நமது சிறுவர் பக்கங்கள் அதை விடுவதாயில்லை. பிள்ளை வளர்ந்து உண்மையை அறியும் நாளில், அதே பக்கத்தில் வாசித்த மெய்யான செய்திகளையும் சேர்த்தே சந்தேகிப்பான். மார்க்கத்துக்கு இத்தகைய முட்டு எதற்கு?

ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் இஸ்னாத் என்னும் கலையை வளர்த்த சமூகம் நாம். அச்சமூகத்தின் சஞ்சிகைகளே வரிசையற்ற செய்திகளைச் சிறுவருக்கு வழங்குவது முரணன்றி வேறென்ன?

மன்னாரில் இக்குறை இன்னும் ஆழமானது. 1990 இல் நாம் வெளியேற்றப்பட்டபோது, ஊரின் அதிசயங்களை வாய்மொழியாகச் சொல்லிவந்த வரிசையும் அறுந்தது. இன்று உப்புக்குளத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். ஈபெல் கோபுரத்தின் உயரத்தை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, அருகே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க இனம் என்பது புதுச் செய்தி. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். கயிறு கொண்டுபோனால் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்கிறார்களே, அதைச் சொன்னவர் யார் என்று முதியோரிடம் விசாரிக்கலாம். கடலில் புல் மேய்ந்து, குட்டிக்குப் பாலூட்டுவது எது என்று கேட்டால், ஆவுளியா என்ற விடையை வீட்டிலிருக்கும் மீனவரே சொல்லக்கூடும்.

நமது சஞ்சிகை ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இரண்டே. வினாவை ஓரிதழிலும் விடையை அடுத்த இதழிலும் இடுங்கள். இடையில் பிள்ளைகள் தேடட்டும். விடையின் கீழே, அது யார் சொன்னது, எந்த நூலில் உள்ளது என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்கு நமது பக்கங்களில் இடமில்லாமல் போகாது.