மௌனம் யாருடையது?

ஜொகூரின் விடியற்காலைப் பனியில் நிரை நிரையாய் நிற்கும் பால்மரங்களைப் படம்பிடித்து, அதற்கு ‘இயற்கையின் மௌனம்’ என்று பெயரிடுவது இன்று வழக்கமாகி வருகிறது. அப்படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் இயற்கை எவ்வளவு, மௌனம் யாருடையது என்று கேட்காமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

பால்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. அமேசான் காட்டில் தோன்றி, 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த மரம் அது. செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவினது. காட்டை அழித்து இவற்றை நேர்கோட்டில் நட்டவை கூலிக்கு வந்த மக்களின் கைகள். நம் பாட்டன் பாட்டியரின் கைகளும் அவற்றுள் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களையும், 1942-43-ல் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களையும் நீக்கிவிட்டு, மிஞ்சியதை இயற்கை என்பது எவ்விதம் பொருந்தும்?

இவ்விடத்தில் சிங்கப்பூரிற் பிறந்த சிம் சீ யின் அம்மையாரின் ‘ஒரு நாள் நாம் புரிந்துகொள்வோம்’ என்னும் படைப்பை வாசகர்கள் கருதிப்பார்க்க வேண்டுகிறோம். அவருடைய பாட்டனார் மலாயாவிலிருந்து சீனாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1949-ல் அங்கே கொல்லப்பட்டவர். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலப் போரின் சுவடுகளைத் தேடி, மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் அம்மையார் நிலக்காட்சிகளைப் படம்பிடித்திருக்கிறார். அவையும் அமைதியான படங்களே. ஆயினும் அவ்வமைதியோடு அவர் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் வாழ்ந்த முதியோர் தம் பழைய பாட்டுக்களை நினைவுகூர்ந்து பாடும் ஒளிக்காட்சியையும் உடன் வைத்தார். அக்குரலைக் கேட்டபின் காட்டைப் பார்ப்பவனுக்கு அது வெறுங் காடாகத் தோன்றாது.

விளக்கக் குறிப்பு இன்றேல் படம் பேசாது; இது குறையன்றோ எனச் சிலர் கூறலாம். குறைதான். ஆனால் கல்லறைக்கும் பெயர் பொறித்த கல் ஒன்று வேண்டியிருக்கிறது. பெயர் தெரிந்தபின்னரே அங்கே நம் கால் தயங்குகிறது.

அம்மையார் தம் குடும்பத்தின் வழியே ஒரு வரலாற்றைத் தேடினார். நம் தோட்டங்களின் வரலாற்றைத் தேடுவோர் யார்? கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கைப்பேசி இல்லாத தமிழ் இளைஞர் இன்று அரியர். அவர்கள் நிரையைப் படம்பிடிக்கட்டும், பனியையும் பிடிக்கட்டும். அதற்குமுன் அங்கே பால்வெட்டிய மூதாட்டி ஒருவரை அழைத்துவந்து, லயம் இருந்த இடம் எது, ஆயக்கொட்டகை எது, யார் யார் இருந்தனர் என்று கேட்டு, படத்தின்கீழ் எழுதிவைக்கட்டும். மரத்தை மறுநடவு செய்யலாம். அம்மூதாட்டியின் நினைவு போனால் போனதுதான்.