சாவித்திரியின் சுவர்

கு.ப.ராஜகோபாலனின் 'சிறிது வெளிச்சம்' கதையைப் பேச எடுத்தாலே தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "அய்யரூட்டு அழுகைய நாம எதுக்குச் சுமக்கணும்?" என்கிறார்கள். கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. என்றாலும் இந்தக் கதையை நாம்தான் படிக்க வேண்டும் என்கிறேன்.

வாடகை அறையில் குடியிருந்த ஒருவன் சொல்லும் கதை இது. சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரியானால் அடி விழுகிறது. அடிப்பவன் புருஷன். வாங்குபவள் சாவித்திரி. அவள் செத்துப்போன பிறகுதான் இவன் வாய் திறக்கிறான். அவள் ஏங்கியது நகைக்கோ புடவைக்கோ இல்லை. தன்னை மனுஷியாக மதிக்கும் ஒரு பேச்சுக்கு. அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்தது ஒரே ராத்திரி. அதுவும் ஒரு ஆம்பளையின் காதில் விழுந்து, அவன் வாய் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. அவன் அனுதாபம் முடியுமிடத்தில் அவள் வெளிச்சமும் அணைந்துபோகிறது. கதையின் பலவீனம் இங்கேதான்.

அவள் ஏன் வெளியேறவில்லை? எங்கே போவாள்? கு.ப.ரா. இறந்தது 1944இல். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணமுறிவுச் சட்டம் வந்தது 1949இல். இந்து திருமணச் சட்டம் 1955இல். இடையில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியதற்காக 1951இல் மந்திரி பதவியைத் தூக்கியெறிந்தார் அம்பேத்கர். சாவித்திரிகளுக்காகவும்தான் எறிந்தார். ஆனால் உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக் கட்டும் வழக்கம் முன்பே இருந்தது. 'கீழ்சாதிப் பழக்கம்' என்று எதைக் கேவலப்படுத்தினார்களோ, அந்த மாதிரி வழக்கத்தை 1955 சட்டத்தின் 29(2) பிரிவு செல்லும் என்று ஏற்றது.

இதை வைத்து நம்ம வீட்டு ஆம்பளைகள் மீசை முறுக்க வேண்டாம். பாமாவின் 'சங்கதி' (1994) மாரியம்மாவை நினைத்துப் பாருங்கள். கைவைக்க வந்தவன் நிலக்காரன். பழி சுமந்தவள் அவள். ஊர்க்கூட்டம் அவளுக்கே தண்டம் போட்டது. கடைசியில், பேரைச் சேர்த்துக் கட்டிவிட்ட மாணிக்கத்துக்கே கழுத்தை நீட்டினாள். நம்ம தெருப் பெண்கள் வாய்விட்டுத் திட்டுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் "எனக்கு என்ன வேணும்" என்று அவர்கள் சொல்வதை எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்?

சாதி உயிரோடிருப்பது அகமணத்தால். அதற்காகத்தான் விதவைக் கோலமும் குழந்தை மணமும் பெண்மேல் சுமத்தப்பட்டன என்று 1916லேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். அப்படியானால் சாவித்திரியைச் சுவருக்குள் வைத்ததும், மாரியம்மாவைக் கூட்டத்தில் நிறுத்தியதும் ஒரே கைதான். கு.ப.ரா.வுக்குச் சுவர் தெரிந்தது. அதைக் கட்டியவன் தெரியவில்லை. அவனை அடையாளம் காட்டுவதுதான் நம் விமர்சனத்தின் வேலை.