நிச்சயக் குதிரை

திருத்தணியில் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அவர் போன பிறகு யாரும் திறக்கவில்லை. சமீபத்தில் வெள்ளையடிக்கிறபோது அதைக் கீழே இறக்க வேண்டியதாகிவிட்டது. சித்தி போன் செய்தாள். "நீதான் புஸ்தகம் படிக்கிறவன். உள்ளே என்னா இருக்குன்னு வந்து பார்த்துட்டுப் போப்பா."

ஏதாவது பத்திரம் இருக்கும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. திறந்தால் அத்தனையும் கிண்டி ரேஸ் புத்தகங்கள். நடுநடுவே டிப்ஸ் தாள்கள், கத்தரித்த பத்திரிகைத் துண்டுகள், ஓரத்தில் பென்சில் கிறுக்கல்கள்.

சித்தப்பாவுக்கு மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம், விபூதி விற்கிற கடை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிக் கூட்டம் வந்தால் நாலு மாச வருமானம் நாலு நாளில் வந்துவிடும். மிச்ச நாளில் கல்லாவை நிரப்பக் கிண்டியை நம்பியிருந்தார். காலை ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே ரிசல்ட் சொல்லிவிடலாம். பஜாரில் தெலுங்கு பேசுகிறவர்கள் அவருக்குக் 'குர்ரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தெலுங்கில் குதிரை.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். புதுக்கவிதைக்கு, சினிமாவுக்கு, ஏன், சமையல் குறிப்புக்குக்கூட விமர்சனம் எழுதிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காசு கொடுத்து வாங்கி, வரி வரியாகப் படித்து, நம்பி, அதன்படி நடக்கவும் செய்த இந்த ரேஸ் டிப்ஸ் என்கிற எழுத்தை மட்டும் யாரும் சீண்டவில்லை. எனவே இந்த வாரம் அது.

முதலில் ரேஸ் புத்தகம். அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நேர்மையான எழுத்து. குதிரையின் பெயர், அப்பன், ஆத்தாள், வயசு, சுமக்கிற எடை, ஜாக்கி, டிரெயினர், போன ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது. அபிப்பிராயம் ஒரு வரி கிடையாது. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பார்க்கிற வரனைப் பற்றிக்கூட இவ்வளவு விவரம் தர மாட்டார்கள்.

டிப்ஸ் வேறு ஜாதி. அதற்கு எதிர்காலம் என்கிற ஒரே காலம்தான் தெரியும். 'இம்முறை விட்டுக் கொடுக்காது', 'தூரம் இதற்குத் தோதாக இருக்கும்', 'கவனிக்க வேண்டிய குதிரை' என்கிற ரீதியில் போகும். போன வாரம் இதே பேனா 'நிச்சயம்' என்று சொன்ன குதிரை கடைசியில் வந்ததே, அதைப் பற்றி மூச்சு விடாது. விட்டால் தரை ஈரம், ஸ்டார்ட் சரியில்லை, ஜாக்கி வெளிப்பக்கமாக ஓட்டிவிட்டார் என்று குற்றவாளிகள் தயாராக இருப்பார்கள். டிப்ஸ் எழுதினவர் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வராது.

இரண்டாவது உத்தி இதைவிட அழகு. எட்டுக் குதிரை ஓடுகிற பந்தயத்தில் மூன்றைச் சொல்லிவிடுவது. முதல் சாய்ஸ், இரண்டாவது, கூடவே 'எதிர்பாராமல் வரக்கூடியது'. மூன்றில் ஒன்று ஜெயித்தால் 'நாங்கள் சொன்னோம்' என்று அடுத்த வாரம் கட்டம் கட்டிப் போடலாம். ராசிபலனும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் ராசிபலனைப் படித்துவிட்டு யாரும் சித்தியின் வளையலை அடகு வைப்பதில்லை.

டிப்ஸ்காரர்கள் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பென்சில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா ரிசல்ட்டையும் ஓரத்தில் குறித்திருந்ததால் சுலபமாக இருந்தது. அவர்களின் முதல் சாய்ஸ் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று ஜெயித்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தானே என்றால், உலகம் முழுக்க ஃபேவரிட் குதிரை, அதாவது ஜனங்கள் அதிகம் பணம் கட்டுகிற குதிரை, ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் ஜெயிக்கிறது. டிப்ஸைப் படித்து ஜனங்கள் கட்டுகிறார்கள், ஜனங்கள் கட்டப்போவதை ஊகித்து டிப்ஸ் எழுதுகிறார்கள். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதே குழப்பம்.

மூன்றுக்கு ஒன்று வந்தால் போதாதா? ஃபேவரிட்டுக்குப் போட்ட பணத்தைப் போல ஒன்றரை மடங்கு லாபம் என்று வையுங்கள். மூன்று பந்தயத்தில் நூறு நூறாக முன்னூறு ரூபாய் கட்டுகிறீர்கள். ஒன்றில் ஜெயித்து இருநூற்றைம்பது கைக்கு வருகிறது. ஐம்பது போச்சு. சரியான டிப்ஸ் கிடைத்த நாளிலேயே இந்த லட்சணம்!

போச்சு என்றால் எங்கே போச்சு? அதற்கு டோட் என்கிற சமாசாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கண்டுபிடித்த முறை. 1913-ல் ஜார்ஜ் ஜூலியஸ் அதற்கு ராட்சச மெஷின் ஒன்றைச் செய்து நியூஸிலாந்தில் ஆக்லாந்து ரேஸ் மைதானத்தில் நிறுத்தினார். எல்லோர் பணமும் ஒரு குடத்தில் விழும். கிளப் கமிஷனும் அரசாங்க வரியும் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். மீதி, ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்குப் பங்கு. ஆக, நீங்கள் குதிரைக்கு எதிராக ஆடவில்லை. பக்கத்தில் வேர்க்கடலை கொரித்துக்கொண்டு நிற்கிறவருக்கு எதிராக ஆடுகிறீர்கள். அதுவும் குடத்தில் ஏற்கெனவே ஓட்டை போட்ட பிறகு.

இங்கேதான் எனக்கு உச்ச நீதிமன்றத்தோடு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. 1996 ஜனவரியில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல. இரண்டு சட்டமும் கிளப்பின்மேல் செல்லவில்லை.

தீர்ப்பைத் தேடிப் படித்தேன். தெளிவான எழுத்து. பயிற்சியால் குதிரைக்கு வருகிற வேகம், தம், ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறது. எல்லாம் சத்தியம். ஆனால் இவையெல்லாம் குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை. வேலிக்கு இந்தப் பக்கம் தேங்காய்க் கடைக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாரே, அவருடைய திறமை? அவர் வம்சம், எடை, பழைய ஓட்டம் எல்லாம் ஆராய்ந்து கட்டுகிறார் என்பது வாதம். கட்டலாம். ஆனால் அந்த ஆராய்ச்சியை முறியடிப்பதற்கென்றே கிளப்பில் ஒருத்தர் சம்பளம் வாங்குகிறார். ஹாண்டிகாப்பர் என்று பெயர். நல்ல குதிரைமேல் அதிக எடை, சுமாரான குதிரைமேல் குறைந்த எடை ஏற்றி, எல்லாம் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அவர் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவுக்கு உங்கள் திறமை செல்லாக்காசு. இந்த மனிதரைப் பற்றி டிப்ஸ் தாள்களில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எனக்கென்னவோ ரேஸ் உலகத்தின் ஒரே உண்மையான விமர்சகர் அவர்தான் என்று தோன்றுகிறது.

கிண்டியில் நடந்தது தட்டையான தரையில் ஓடுகிற ஃப்ளாட் ரேஸ். இதிலேயே இந்தக் கதி என்றால், இங்கிலாந்தில் வேலி தாண்டி ஓடுகிற ரேஸை நினைத்துப் பாருங்கள். லிவர்பூலில் கிராண்ட் நேஷனல். நாலு மைலுக்கு மேல் தூரம், முப்பது முறை தாண்ட வேண்டும். 1967-ல் இருபத்து மூன்றாவது வேலியில், ஆளை உதறிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த பாப்பம் டவுன் என்கிற குதிரை குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவான் மட்டும் சந்தில் புகுந்து தாண்டிப் போய் ஜெயித்துவிட்டது. புக்கிகளிடம் நூறுக்கு ஒன்று. டோட்டில் 444-க்கு ஒன்று, அதாவது அதன்மேல் கட்ட ஏறக்குறைய ஆளே இல்லை. சொந்தக்காரரும் டிரெயினரும்கூட அன்றைக்கு மைதானத்துக்கு வரவில்லை. எந்த டிப்ஸ் இதைச் சொல்லியிருக்கும்? 'பின்தங்கி வரும், அதனாலேயே ஜெயிக்கும்' என்றா?

அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், 1956-ல், ராஜமாதாவின் குதிரை டெவன் லாக் அதே பந்தயத்தில் எல்லாரையும் விட்டு முன்னால் போய், கோட்டுக்குச் சில கஜம் இருக்கும்போது வெறும் தரையில் வயிற்றைப் பரப்பி விழுந்தது. ஏன் என்று இன்றுவரை தீர்மானமாகத் தெரியாது. கூட்டத்தின் கூச்சல் மிரட்டியிருக்கலாம் என்பது மேலே உட்கார்ந்திருந்த ஜாக்கி டிக் ஃபிரான்ஸிஸின் கட்சி. அவர்தான் பிற்பாடு ஜாக்கி வேலையை விட்டு, 'டெட் சர்ட்' தொடங்கி வரிசையாகத் துப்பறியும் நாவல்கள் எழுதினவர். அவர் நாவல்களில் எனக்குப் பிடித்தது, எதுவும் நிச்சயம் இல்லை என்று தெரிந்தவர் எழுதினது என்பது. ஜாக்கிகள் பந்தயம் கட்டக் கூடாது என்பது விதி. டிப்ஸ் எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி வைத்தால் பாதிப் பேர் ஆரோக்கியமாக இருப்பார்கள். இன்னொரு பாதிப் பேர் ஏற்கெனவே கட்டாமல் இருப்பார்கள், அவர்கள்தான் புத்திசாலிகள்.

வேலி தாண்டும் ரேஸைப் பற்றி ஹெமிங்வேயின் 'மை ஓல்ட் மேன்' சிறுகதையையும் சொல்ல வேண்டும். ஜாக்கியான அப்பாவை மகன் பார்க்கிற கதை. ரேஸ்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளை எவனாவது அதைப் படித்தால் முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேச மாட்டான்.

ஜெயித்தவனே இல்லையா? இருக்கிறார். பில் பென்டர் என்கிற அமெரிக்கர். 1980-களில் ஹாங்காங் போய்க் கம்ப்யூட்டரில் மாடல் எழுதி, ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்குமேல் விவரங்களை ஊட்டி, கோடி கோடியாகச் சம்பாதித்தார். டோட் போர்டில் ஜனங்கள் நிர்ணயித்த விலையையும் ஒரு விவரமாகச் சேர்த்த பிறகுதான் மாடல் பிரமாதமாக வேலை செய்தது. கூட்டத்தின் அறிவையும் மதித்து, அது தப்புச் செய்கிற இடத்தில் மட்டும் கட்டினார்.

இதில் ஆச்சரியம், நம்மிடம் இந்தக் கதை ரொம்ப நாளாக இருக்கிறது. சூதில் நாட்டைத் தோற்ற நளன், இருதுபன்னன் என்கிற ராஜாவிடம் தேரோட்டியாக இருக்கிறான். தேர் போகிற வேகத்திலேயே ராஜா ஒரு தான்றி மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிச் சொல்லிவிடுகிறார். நளன் அந்த எண்ணும் வித்தையைக் கற்றுக்கொள்கிறான், பதிலுக்குக் குதிரை சாஸ்திரத்தைத் தருகிறான். பிறகு திரும்பிப் போய் ஆடி ஜெயிக்கிறான். கவனியுங்கள்: குதிரை சாஸ்திரம் அவனுக்கு முன்பே தெரியும். அதை வைத்துக்கொண்டு ஜெயிக்கவில்லை. எண்ணத் தெரிந்த பிறகுதான். தருமர் கதை வேறு மாதிரி. அவர் எதிராளிக்கு எண்ணத் தெரியும் என்று தெரிந்தும் உட்கார்ந்தவர். சித்தப்பா தருமர் பக்கம்.

அரசாங்கங்கள் இதில் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். குதிரையை ஒழிக்கச் சட்டம் போட்ட மாநிலத்தில் லாட்டரிச் சீட்டுக் கடைகள் 2003 தடை வரும்வரை சக்கைப்போடு போட்டன. அப்புறம் ஆன்லைன் ரம்மி, தற்கொலைகள், 2022-ல் சட்டம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், தடை செல்லாது என்றது. கிண்டிக் குதிரைக்குக் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டைக் காட்டித்தான் செல்போன் சீட்டாட்டமும் உள்ளே வந்தது. 2025-ல் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ பணம் கட்டி ஆன்லைனில் ஆடினால் தடை என்று அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டது. கிண்டி மைதானம்? 160 ஏக்கர் சொச்சம், 99 வருஷக் குத்தகை. வாடகை பாக்கி தகராறில் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. ஒழிப்புச் சட்டத்தால் முடியாததை வாடகை ரசீது செய்தது.

சித்தப்பா ஒரே ஒருமுறை ஜாக்பாட் அடித்தார். கடன் அடைத்தது போக மலைக்கு வெள்ளி வேல் வாங்கிச் செலுத்தினார். அந்த ஜாக்பாட் குதிரைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? டிப்ஸ் தாளைப் பார்த்தில்லை. 365 படியும் ஏறிப்போய்ச் சிவப்பு அரளி, வெள்ளை அரளி பொட்டலம் கட்டி முருகன் முன்னால் போட்டு எடுத்துப் பார்த்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் பூக்கட்டிப் பார்த்தும் வரவில்லை. முருகனும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றுதான் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று பென்சில் கணக்கு சொல்கிறது.

பெட்டியை மூடிவிட்டு சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பத்திரம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லை சித்தி. எல்லாம் ரேஸ் புஸ்தகம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தெருமுனைப் பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். அவன் தராசில் வைத்தபோது பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானூறு ரூபாய் சொச்சம் வந்தது. இரண்டு தரம் எண்ணினாள்.

"உங்க சித்தப்பா கிண்டியிலேர்ந்து என் கைக்குக் கொண்டாந்து குடுத்த காசு இதுதாம்பா" என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு நூறு ரூபாயை உருவி, "பெயிண்டருக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு வா" என்று என்னிடம் நீட்டினாள்.