படித்து முடித்த நூல்

உண்டு முடித்த இலையை எடுத்து எறிகிறோம். பயணம் முடிந்தபின் பயணச்சீட்டைப் பாதுகாப்பார் இல்லை. நூலை மட்டும், கடைசிப் பக்கம்வரை படித்த பின்பும், தூசு தட்டி அடுக்கி வைக்கிறோம். வீடு மாறும்போது சுமந்து செல்கிறோம். இவ்வழக்கத்துக்குக் காரணம் தேடுவது பொழுதுபோக்கு ஆராய்ச்சிபோலத் தோன்றலாம். ஆனால் மலேசியாவில் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், அந்நாட்டுத் தமிழிலக்கியத்தை நாம் மதிப்பிடும் முறையையே இவ்வினா தொடுகின்றது என்பது விளங்கும்.

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் மூன்று. மீண்டும் படிப்பதற்காக வைத்திருக்கிறோம் என்பது முதல் விடை. தமிழ் மரபு இதற்கு அரண் செய்கின்றது. திருவள்ளுவர் நட்பு அதிகாரத்தில், பண்புடையாரது தொடர்பு பழகுந்தோறும் இனிப்பதற்கு, நூலின் நயம் பயிலுந்தோறும் இனிப்பதை உவமையாக்கினார். உவமை என்பது கேட்போர் நன்கு அறிந்த ஒன்றைக் காட்டி, அவர்க்குத் தெளிவாக வேண்டிய மற்றொன்றை விளக்குவதாகும். எனவே, நூலைத் திரும்பத் திரும்பப் பயில்வதும் அதில் இன்பம் வளர்வதும் அவர் காலத்துக் கற்றோர்க்கு ஐயமற்ற அனுபவமாக இருந்திருத்தல் வேண்டும். நன்னூலாரும் பாயிரத்தில் மாணாக்கர் நூல் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்து, இருமுறை கேட்டவன் பெரும்பாலும் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறர்க்கு உரைப்பான் என்றும் படிகள் வகுத்தார். ஒரு முறையோடு ஒரு நூல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அவர்க்கு இல்லை.

இவ்விடை உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. குறளையும் கம்பனையும் நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். ஆனால் நம் அலமாரியில் உள்ள கதைத் தொகுதிகளுள், கட்டுரை நூல்களுள், விழா மலர்களுள் எத்தனையை இரண்டாம் முறை எடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தால், மிகச் சிலவே தேறும். மீண்டும் படிக்காதவற்றையும் வைத்திருக்கிறோம். அதற்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும்.

நினைவுக்காக என்பது இரண்டாம் விடை. பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர் மொந்தேன் தமக்கு மறதி மிகுதி என்றும், முன்பே கருத்தூன்றிப் படித்துக் குறிப்பெழுதிய நூலையே புதியதென்று கருதிக் கையில் எடுத்ததுண்டு என்றும் எழுதியுள்ளார். அதனால் படித்து முடித்த நாளையும் தம் கருத்தையும் நூலின் இறுதியில் குறித்து வைப்பதை வழக்கமாக்கிக் கொண்டாராம். படித்ததை மறப்பது மனித இயல்பு. நூல் அருகில் இருப்பின் மறந்ததை மீட்கலாம். இதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் மறந்தாலும் கேடில்லை என்று நாம் கருதும் நூல்களும் வீட்டில் இருக்கின்றனவே!

பெருமைக்காக என்பது மூன்றாம் விடை. இது பழிப்பும் கூட. படிப்புக்காகவன்றிச் சுவருக்கு அணியாக நூல்களை வாங்கிக் குவிப்பாரை உரோமப் பேரறிஞர் செனெக்கா அன்றே இடித்துரைத்தார். இன்றும் அத்தகையோர் உளர். ஆயின், அலமாரியும் வரவேற்பறையும் உடையவர்க்குப் பொருந்தும் இப்பழிப்பு, அவை இல்லாதவர்க்குப் பொருந்துமா? பேராக் தோட்டங்கள் இங்கேதான் நமக்குத் துணை செய்கின்றன.

1877ஆம் ஆண்டு, ஆங்கில ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ காலத்தில், பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் லயங்களில் குடியமர்ந்தனர். லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, பின் வீடு திரும்பும் குடும்பத்துக்கு உறுதியான உடைமை என்பது ஒரு தகரப் பெட்டியில் அடங்குவதே. அப்பெட்டியில் ஒரு நூல் இருந்ததென்றால், ஒரு சேலையோ ஒரு பாத்திரமோ இருக்கத்தக்க இடத்தை அது பெற்றிருந்தது என்பது பொருள். அங்கே பெருமை பாராட்டுதற்கு இடமில்லை.

அப்பெட்டிகளில் இடம்பெறத்தக்க நூல்கள் எத்தகையவை? அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் தமிழ் மக்கள் குடியேறிய இடமெல்லாம் அவரோடு சென்றன. எழுத்தறிந்தார் சிலராய் இருந்த காலத்தில் அவை வாய்விட்டுப் படிக்கப்பட்டன. படித்தவர் ஒருவர், கேட்டவர் பலர். படித்தவர்க்கு அந்நூல் முடிந்துவிட்டது. ஆனால் அன்று வேலை மிகுதியால் வர இயலாதவர்க்கும், அடுத்த லயத்தார்க்கும், வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கும் அது இன்னும் தொடங்கவே இல்லை. ஒருவர் முடித்த நூலைப் பெட்டியில் வைத்தது தமக்காக அன்று. கேட்க வேண்டியவர் இன்னும் இருந்ததால்தான்.

பள்ளி நூல்களின் நிலையும் இதுவே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்துமாறு பணித்தது. அப்பள்ளிகளில் பெரும்பாலும் தமிழகத்துப் பாட நூல்களே வழங்கின. அண்ணன் படித்து முடித்த வாசகம் தம்பிக்கும், அவனுக்குப் பின் தங்கைக்கும் பயன்பட்டது. பின்னர் 1941 இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை தமிழகத்துக் கப்பல்கள் வரவில்லை. புதிய நூல்களும் வரவில்லை. அவ்வாண்டுகளில் தமிழ் எழுத்தைக் கற்க விரும்பிய பிள்ளைக்குக் கிடைத்திருக்கக் கூடியவை, முன்னரே யாரோ படித்து முடித்து எறியாமல் வைத்திருந்த நூல்களே. ‘முடிந்தது’ என்று அவற்றை அடுப்பில் இட்டிருந்தால் அப்பிள்ளையின் நிலை என்ன?

இங்கிருந்து நமக்கு ஒரு தெளிவு பிறக்கின்றது. நூலை முடிப்பவன் வாசகன். ஆயின் அவன் முடித்ததால் நூலின் பயன் முடிவதில்லை. படிக்குமுன் அது அவன் உடைமை. படித்தபின் அடுத்தவருக்காக அவன் கையில் உள்ள அடைக்கலப் பொருள். காரணத்தை அறிந்தோ அறியாமலோ மக்கள் படித்த நூலை எறியத் தயங்குவதன் அடிப்படை இவ்வுணர்வே எனலாம்.

இக்கருத்துக்கு வலுவான சான்று டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை. அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவருக்கு ஏடு உதவிய வீடுகள் பலவற்றில், அவ்வேட்டைப் பயின்ற பாட்டன்மார் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. இருந்தவர்களுள் அதனைப் படிக்க வல்லார் அரியர். ஆயினும் வைத்திருந்தார்கள். வேறு சிலரோ, இனி யாருக்கு வேண்டும் என்று ஆடிப் பெருக்கில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய சுவடிகள் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்ட செய்தியை அவர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். வைத்திருந்தவரும் எறிந்தவரும் கல்வியால் வேறுபட்டவரல்லர். நூலின் பயன் தம்மோடு முடிந்ததா இல்லையா என்ற எண்ணத்தால் வேறுபட்டவர்.

அச்சு வந்தபின் இவ்வச்சம் தேவையில்லை என்பார் உண்டு. ஆயிரம் படிகள் அச்சாகி, பல ஊர் நூலகங்களில் அடங்கும் நூலுக்கு அவ்வாறு கூறலாம். மலேசியத் தமிழ் நூல்களின் நிலை வேறு. எழுத்தாளர் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சில நூறு படிகள் அச்சிட்டு, தாமே விற்று, எஞ்சியவற்றை அன்பளிப்பாக வழங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். மலாயாவின் முதல் தமிழ் நாவல் எனப் பெரிதும் குறிக்கப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ க. வெங்கடரத்தினத்தால் எழுதப்பெற்று 1917இல் வெளிவந்தது. அதன் சமகால நூல்களுள் எத்தனை ஒரு படியும் எஞ்சாமல் மறைந்தன என்பதை யார் கூற வல்லார்? மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாக 1969இல் இராம சுப்பையா வெளியிட்ட மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் நூற்பட்டியல் பெருந்தொண்டு. எனினும் எந்தப் பட்டியலும் எஞ்சியவற்றையே பட்டியலிட இயலும்.

திறனாய்வாளர் மனங்கொள்ள வேண்டியது இதுவே. ‘போருக்கு முந்திய மலாயாத் தமிழ் எழுத்து தமிழகத்தின் நிழல்’ என்றோ, ‘தோட்டத் தொழிலாளர் வாழ்வு அதில் இடம்பெறவில்லை’ என்றோ முடிவு கட்டும்போது, நாம் அவ்விலக்கியத்தை மதிப்பிடுகிறோமா, அல்லது கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பிய பகுதியை மட்டும் மதிப்பிடுகிறோமா? வீடுகளில் வைத்திருந்தவர் வைத்த அளவே நம் சான்று. அச்சான்றின் அளவை மிஞ்சித் தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

நூலின்மேல் தோட்டத் தொழிலாளர்க்கு இருந்த இவ்வுணர்வு வெறும் ஊகமன்று. 1950களின் நடுப்பகுதியில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழ் நிலைபெற வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார்; உழைப்பாளிகள் கொடுத்தார்கள். தாம் ஒருபோதும் நுழையாத நூலகத்தில், தாம் படிக்க இயலாத நூல்களுக்காகக் கொடுத்த பணம் அது. தாம் படித்ததைப் பிறர்க்காக வைத்திருப்பதும், தாம் படிக்காததைப் பிறர்க்காக வாங்கித் தருவதும் ஒரே மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகள் அன்றோ!

பின்னர் தோட்டங்கள் சிதைந்தன. 1950களிலேயே பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்படலாயின. அதற்கு மாற்றாக 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது; வேறிடங்களில் வீட்டு மனைகள் வந்தன. மக்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். இவ்வாறு லயத்தைவிட்டு ஓரிரு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்குச் செல்பவர், எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்தே ஆகவேண்டும். கட்டிலும் பாத்திரமும் உடனே வேண்டியவை. மூடப்பட்ட பள்ளியின் ஆண்டு மலரும், இல்லாமற்போன தோட்டத்துக் கோயிலின் திருவிழா மலரும், நின்றுபோன இதழின் பொங்கல் மலரும் உடனே வேண்டாதவை. ஆயின் அத்தோட்டம் இருந்தது என்பதற்கு அவையே எழுத்துச் சான்று.

இவ்விடத்தில் நியாயமான ஒரு தடை எழும். பிறர்க்காக வைத்திருப்பதானால் பிறர்க்கே கொடுத்துவிடலாமே. பூட்டி வைப்பது எதற்கு என்று கேட்கலாம். இத்தடை சரியானது. பிறர் கண்ணில் படாமல் பெட்டியில் மக்கும் நூல், எறியப்பட்ட நூலைவிடச் சிறிதளவே மேலானது. மழை மிகுந்த தைப்பிங் போன்ற ஊர்களில் ஈரம் ஒன்றே ஏட்டை அழிக்கப் போதும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் பயனற்றவை என்று ஒதுக்கிய கதைப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. வைத்திருந்தது முதற்பாதித் தொண்டு. பலர் கைக்கு எட்டச் செய்தது மறுபாதி. ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவில் வழங்கும் நூலகம் நிறுவனமும், 1965 முதல் ஐம்பதாண்டுத் தமிழ் நூல்களை 2015இல் மின்வடிவாக்கிய சிங்கப்பூர் அன்பர்களின் திட்டமும் இம்மறுபாதியை நிறைவேற்றின.

எனவே படித்த நூலை வைத்திருப்போரை நாம் பழிக்க வேண்டா. வைத்திருப்பதோடு அமையவும் வேண்டா. எங்கும் கிடைக்கும் நூலைப் படித்தபின் தயங்காமல் பிறர்க்கு அளிக்கலாம். அருகிவிட்ட நூலை, சிறப்பாக ஓரூரில் அச்சாகி அவ்வூரோடு நின்ற மலரை, படமெடுத்து வைத்த பின்பே கைமாற்ற வேண்டும். பேராக்கில் பணியாற்றும் தமிழாசிரியர், தம் மாணவரிடம் ‘உங்கள் தாத்தா வீட்டில் பழைய தமிழ்ப் புத்தகம் ஏதேனும் உண்டா?’ என்று ஒருமுறை கேட்டு, கிடைப்பவற்றின் பெயர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே போதும். மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றில் இடையிடையே விடுபட்ட பக்கங்கள் சில அப்பெட்டிகளில் இன்னும் இருக்கக் கூடும். அவற்றைப் படித்து முடித்தவர் பலர் இன்று இல்லை. படிக்க வேண்டியவர் நாமே.