துருவ நட்சத்திரம்: வெளிவராத உளவுப் படமும் ரசிகர் ஊகங்களும்

துருவ நட்சத்திரம், கௌதம் வாசுதேவ் மேனன் எழுதி இயக்கிய தமிழ் உளவுத் திரைப்படம். விக்ரம் நாயகன். 2013இல் வேறொரு நாயகனுடன் அறிவிக்கப்பட்டு, நின்று, 2017இல் படப்பிடிப்பு தொடங்கியது. 2023 நவம்பர் 24 அன்று வெளியாவதாக இருந்த படம், அன்று காலையிலேயே தள்ளிவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இப்படத்தைப் பற்றி ரசிகர்களிடையே வளர்ந்த ஊகங்களையும், அவற்றின் தன்மையையும், அவற்றால் மறைந்துபோன செய்திகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காலம் 2013 முதல் 2025இன் தொடக்கம் வரை. படத்தின் தரத்தைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்படவில்லை. பார்க்காத படத்துக்கு மதிப்பெண் போடுவது, எழுதாத விடைத்தாளைத் திருத்துவதற்குச் சமம்.

உருவாக்கம்

காக்க காக்க (2003), வாரணம் ஆயிரம் (2008) ஆகிய படங்களில் இணைந்த சூர்யாவும் கௌதம் மேனனும் மூன்றாவது முறையாகச் சேரும் படமாக 2013இல் துருவ நட்சத்திரம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சூர்யா விலகினார். முழுமையான கதை தம் கைக்கு வரவில்லை என்பதையும் கருத்து வேறுபாட்டையும் காரணமாகச் சொல்லி வெளிப்படையாக அறிக்கை விட்டார். கௌதம் மேனன் அடுத்து அஜித்தை வைத்து என்னை அறிந்தால் (2015) எடுத்தார். பிறகு விக்ரம் வந்தார். ஜான் என்ற உளவாளி, அரசு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு ரகசியக் குழு, பல நாடுகளில் நடக்கும் வேட்டை என்பதாக முன்னோட்டங்கள் கதையைக் காட்டின.

இசை ஹாரிஸ் ஜெயராஜ். ரிது வர்மா, சிம்ரன், ராதிகா, பார்த்திபன், விநாயகன் எனப் பெரிய நடிகர் பட்டியல். ஜோமோன் டி. ஜான், மனோஜ் பரமஹம்சா, எஸ்.ஆர். கதிர் என ஒளிப்பதிவாளர்களே ஒருவருக்கு மேல். படப்பிடிப்பு எவ்வளவு துண்டு துண்டாக நடந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. 2017இல் ஜார்ஜியாவிலிருந்து கருவிகளோடு துருக்கிக்குள் நுழைய முயன்ற படக்குழு எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டதை இயக்குநரே சமூக வலைத்தளத்தில் எழுதி உதவி கேட்டார்.

உளவுப் படம் தாமதத்தைத் தாங்காத வகை. குடும்பக் கதையை இரண்டு ஆண்டு கழித்து அதே வீட்டில் தொடரலாம். வெளிநாட்டுத் தெருவில் எடுத்த துரத்தல் பாதியில் நின்றால், அதே தெருவுக்கு, அதே அனுமதியோடு, அதே தோற்றமுள்ள நடிகரோடு திரும்ப வேண்டும். படம் நின்றிருந்த காலத்தில் விக்ரம் கடாரம் கொண்டான் (2019), மகான், கோப்ரா, பொன்னியின் செல்வன் முதல் பாகம் (மூன்றும் 2022) ஆகியவற்றில் வெவ்வேறு தோற்றங்களுக்கு மாறிவிட்டார்.

ஊகங்களின் வகைகள்

இப்படத்தைப் பற்றிய ரசிகர் பேச்சை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கதை ஊகம். முன்னோட்டத்தில் அரை நொடி வரும் முகம் யாருடையது, ஜான் எந்தப் பக்கம், குழுவுக்குள் துரோகி யார் என்பன போன்றவை. லோகேஷ் கனகராஜின் விக்ரம் (2022) முந்தைய படமான கைதியோடு பாத்திரங்களை இணைத்த பிறகு, கௌதம் மேனனின் பழைய நாயகர்களும் இதில் வந்து சேர்வார்கள் என்ற பேச்சு எழுந்தது. படத்தின் தலைப்போடு ‘அத்தியாயம் ஒன்று: யுத்த காண்டம்’ என்று சேர்த்ததும் இதற்குத் தீனி போட்டது. இது தீங்கற்ற விளையாட்டு. தொடர்கதை வாசகர்கள் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தபோது செய்ததும் இதுவே. 1986இல் வந்த கமல்ஹாசனின் விக்ரம் படத்தின் கதையைச் சுஜாதா வார இதழில் தொடராக எழுதியபோது, வாசகர்களும் இப்படித்தான் முடிவைக் கணித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இரண்டாம் வகை, நாள் ஊகம். பாடல் வெளியானால் படம் வரும், தணிக்கைச் சான்று கிடைத்தால் படம் வரும், இயக்குநர் பேட்டி கொடுத்தால் படம் வரும் என்று அடையாளங்களை வைத்து நாள் குறிப்பது. 2023இல் ‘ஹிஸ் நேம் இஸ் ஜான்’ பாடலும் முழு முன்னோட்டமும் வெளியானபோது இந்த ஊகம் உச்சத்தில் இருந்தது. ஏமாற்றமும் அதே அளவுக்கு இருந்தது.

மூன்றாம் வகை, கை ஊகம். படம் வராததற்குப் பின்னால் யாரோ ஒருவரின் கை இருக்கிறது என்பது. நாயகனுக்கும் இயக்குநருக்கும் மனக்கசப்பு என்பார் ஒருவர். போட்டி நடிகரின் தரப்பு தடுக்கிறது என்பார் மற்றொருவர். படமே சரியாக வரவில்லை, அதை மறைக்கவே தாமதம் என்பார் இன்னொருவர். இவற்றுக்கு ஆதாரம் கேட்டால் ‘உள்ளே இருப்பவர் சொன்னார்’ என்பதற்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

இந்த மூன்றாம் வகைதான் விமர்சனத்துக்கு உரியது. உளவுப் படத்தைப் பற்றிய பேச்சு தானே ஓர் உளவுக் கதையாக மாறிவிட்டது. ரகசிய எதிரி, மறைந்த நோக்கம், கசிந்த செய்தி, உள்ளிருக்கும் துரோகி என முன்னோட்டத்தில் இருந்த எல்லாப் பாத்திரங்களும் படத் தயாரிப்பைப் பற்றிய பேச்சிலும் வந்து உட்கார்ந்துகொண்டன.

நீதிமன்றத்தில் தெரிந்தது

உண்மையில் நடந்ததில் பெரும்பகுதி ரகசியமாக நடக்கவில்லை. வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் ஆல் இன் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. சிம்பு நடிக்க, ‘சூப்பர் ஸ்டார்’ என்ற பெயரில் கௌதம் மேனன் எடுப்பதாக இருந்த வேறொரு படத்துக்காகத் தாங்கள் 2.40 கோடி ரூபாய் கொடுத்ததாகவும், அந்தப் படமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்றும், அதைத் தராமல் துருவ நட்சத்திரத்தை வெளியிடக் கூடாது என்றும் அது கோரியது. பணத்தைத் தந்துவிட்டு வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நவம்பர் 24 காலை இயக்குநர் வருத்தம் தெரிவித்து, ஓரிரு நாள் அவகாசம் தேவை என்று எழுதினார். அந்த ஓரிரு நாள் ஆண்டுகளாக நீண்டது.

வழக்கு விசாரணை நாளிதழ்களில் வந்தது. தொகை எவ்வளவு என்பது தெரிந்தது. எந்தப் படத்துக்கான கடன் என்பதும் தெரிந்தது. ஆனாலும் கை ஊகம் ஓயவில்லை. அந்த வாரம் நெல்லித்தோப்பு தேநீர்க்கடையில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் மூன்று விதமான காரணம் சொன்னார்கள். எங்கிருந்து தெரியும் என்று ஒவ்வொருவரையும் கேட்டதில், மூவரும் பார்த்தது ஒரே காணொளி. அதில் சொன்னவர் தாமும் எங்கோ படித்ததாகச் சொல்லியிருந்தார். நீதிமன்றச் செய்தியை மூவரில் ஒருவரும் படித்திருக்கவில்லை.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் அதை நம்பலாம் என்றும் விதி வகுக்கிறார். இதில் உயிரான சொல் ‘ஒருவரை ஒருவர் அறியாத’ என்பது. மூன்று பேர் சொன்னால் உண்மை என்று அவர் சொல்லவில்லை. மூவரும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும். இன்றைய திரைச் செய்தி உலகில் முப்பது பேர் சொன்னாலும் ஊற்று ஒன்றாகவே இருக்கிறது.

வெளியீட்டு நாளின் கணக்கு

ரசிகர் ஊகம் தொடாமல் விட்ட பகுதி, தமிழ்த் திரைப்படத்தின் பண ஓட்டம். தயாரிப்பாளர் பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறார். படச்சுருள் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வராமல் லேப் பிரதி போட்டுத் தராது. இப்போது படம் டிஜிட்டலாகத் திரையரங்குக்குப் போகிறது. அதைத் திறக்கும் சாவியான கே.டி.எம். வராமல் படம் ஓடாது. கருவி மாறியிருக்கிறது, பிடி மாறவில்லை. கடன்காரருக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு வெளியீட்டுக்கு முந்தைய இரவுதான். அதனால்தான் பஞ்சாயத்துகள் எல்லாம் அந்த இரவில் நடக்கின்றன.

ஒரு படத்தின் கடன் அதோடு முடிவதும் இல்லை. வராமல் போன படத்தின் கடன், வரப்போகும் படத்தின் கழுத்தில் விழுகிறது. துருவ நட்சத்திரத்துக்கு நேர்ந்தது இதுதான். கௌதம் மேனனின் எனை நோக்கி பாயும் தோட்டாவும் பலமுறை நாள் குறித்துத் தள்ளிப்போய், வேல்ஸ் நிறுவனம் வெளியிட முன்வந்த பிறகு 2019 நவம்பர் 29 அன்றுதான் வெளியானது. 2025 மார்ச் 27 அன்று விக்ரமின் வீர தீர சூரன் படத்துக்கும் இதே போன்ற நெருக்கடி வந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கால் காலைக் காட்சிகள் ரத்தாகி, மாலையில்தான் படம் திரைக்கு வந்தது. அங்கே ஒரே நாளில் தீர்ந்தது இங்கே தீரவில்லை. வேறுபாடு பணத்தில் இருக்கிறது. அதற்குச் சதி தேவையில்லை.

விஸ்வரூபம் காட்டும் மறுபக்கம்

ஊகம் எப்போதும் வெறுங்கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. கமல்ஹாசனின் உளவுப் படமான விஸ்வரூபம் 2013 ஜனவரியில் தமிழகத்தில் தடை செய்யப்பட்டபோது, முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைக் காரணம் காட்டி 144 தடை உத்தரவு போடப்பட்டது. உண்மைக் காரணம் தொலைக்காட்சி உரிமை பேரத்தில் இருக்கிறது என்ற பேச்சு பலமாக எழுந்தது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா செய்தியாளர்களைச் சந்தித்து அதை மறுத்தார். பொதுமக்களின் ஊகம் அதிகாரத்தைப் பேச வைத்தது. பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியானது. ஓர் அரசு ஆணை கண்ணெதிரே இருந்ததால், ‘ஏன்’ என்று கேட்பதற்கு அங்கே நியாயம் இருந்தது.

அதன் இரண்டாம் பாகத்தில் கணிசமான பகுதி முதல் பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டது. ஆனால் அது வந்தது 2018 ஆகஸ்ட் 10 அன்று. இம்முறை தடுத்தது அரசல்ல, தயாரிப்பு நிறுவனத்தின் பண நெருக்கடி. முதல் பாகத்துக்காகத் தெருவில் இறங்கிய ரசிகர்கள் இரண்டாம் பாகம் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில் அமைதியாக இருந்தார்கள். கடன் பத்திரத்தை எதிர்த்துக் கோஷம் போட முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

ஜேம்ஸ் பாண்டு படங்களுக்கும் இது நேர்ந்தது. எம்.ஜி.எம். நிறுவனம் கடனில் மூழ்கியதால் 2010இல் அடுத்த படத்தின் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்நிறுவனம் அதே ஆண்டு திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் சென்று, கடனை ஒழுங்கு செய்துகொண்டு மீண்டது. 2012இல் ஸ்கைஃபால் வந்தது. அங்கே கடன்காரர் யார், எந்த வரிசையில் பணம் பெறுவார் என்பது எழுத்தில் இருந்தது. இங்கே அது பெரும்பாலும் பேச்சளவில், நம்பிக்கையின் பேரில் நடக்கிறது. எழுத்தில் இல்லாத இடத்தில்தான் ஊகம் முளைக்கிறது. ஆகவே ஊகத்துக்கு ரசிகர் மட்டும் பொறுப்பல்ல. மாதக் கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ‘விரைவில்’ என்ற ஒரு சொல்லோடு சுவரொட்டி விடும் தயாரிப்புத் தரப்புக்கும் அதில் பங்கு உண்டு.

யாருக்கு இழப்பு

2025 ஜனவரியில் அளித்த பேட்டிகளில், நெருக்கடி நேரத்தில் திரைத்துறையினர் பெரும்பாலும் துணைக்கு வரவில்லை என்று கௌதம் மேனன் வருந்தினார். அவருடைய வருத்தம் செய்தியாகிவிட்டது. செய்தியாகாத இழப்புகள் வேறு. ரிது வர்மா தமிழில் அறிமுகமாகிக்கொண்டிருந்த காலத்தில் ஏற்ற வேடம் இது. அதன் பிறகு ஒப்புக்கொண்ட கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால் 2020இலேயே வெளியாகிவிட்டது. உதவி இயக்குநர், சண்டைக் கலைஞர், படத்தொகுப்பு உதவியாளர் போன்றோர் அடுத்த வாய்ப்பு கேட்கப் போகும்போது காட்டுவதற்கு இருப்பது வெளிவந்த படம் மட்டுமே. முடங்கிய படத்தில் செய்த வேலை அவர்களுக்கு வேலை செய்யாத ஆண்டாகவே கணக்காகிறது. முன்பணம் கட்டிய திரையரங்கு, காட்சி ரத்தான காலையில் வாசலில் நின்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. புதுச்சேரி திரையரங்குகளுக்கும் இது பொருந்தும்.

மதிப்பீடு

துருவ நட்சத்திரம் பற்றிய ரசிகர் பேச்சில் அன்பு இருந்தது. பத்தாண்டுக்கும் மேலாக ஒரு படத்தை மறக்காமல் வைத்திருந்தது சாதாரணமல்ல. விளம்பரம் ஓய்ந்த ஆண்டுகளில் படத்தின் பெயரைப் புழக்கத்தில் வைத்திருந்தவர்கள் அவர்களே. கதை ஊகம் அந்த அன்பின் நல்ல வடிவம்.

குறை, மறைந்த கையைத் தேடியதில் இருக்கிறது. அது சில நடிகர்கள் மீது ஆதாரமின்றிப் பழி சுமத்தியது. அதைவிடப் பெரிய தீங்கு, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டது. ஒரு படத்தின் கடனுக்கு இன்னொரு படத்தின் உழைப்பாளிகள் ஏன் பிணை ஆக வேண்டும்? கடன் தீராத படத்துக்கு எந்த உறுதியில் வெளியீட்டு நாள் அறிவித்து முன்பதிவு திறக்கிறார்கள்? ரத்தான காட்சியின் இழப்பை யார் ஏற்பது? இவற்றை ஒரு ரசிகர் மன்றம் வெளிப்படையாகக் கேட்கலாம். தயாரிப்பாளர் சங்கமும் விநியோகஸ்தர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதற்கு உள்ளே இருப்பவர் யாரும் ரகசியமாகச் செய்தி கொண்டுவர வேண்டியதில்லை. நாளிதழில் வந்த வழக்குச் செய்தியே போதுமானது.