கதிரையும் தறியும்: ஒரு கூட்டுப்படைப்புப் பற்றிய நோக்கு

கலை என்பது தனியொருவரின் உள்ளத்தில் முகிழ்ப்பது என்ற கருத்து மேனாட்டுக் கலை விமர்சனத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஓவியத்தை ஆராயுமிடத்து இக்கருத்து ஓரளவு பொருந்தக்கூடும். தளபாடம் போன்ற பயன்படுபொருளை ஆராயும்போது அது போதாததாகிவிடுகின்றது. மரத்தை இழைப்பவர், நிறந்தீட்டுபவர், துணி நெய்பவர் எனப் பலரது உழைப்பு அங்கு ஒன்றுசேர்கின்றது. அவர்களுள் எவரது பெயர் நிலைக்கின்றது, எவரது பெயர் மறைகின்றது என்பது, கலை வரலாறு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதைக் காட்டும் அடிப்படை வினாவாகும். 1921 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் உருவான 'ஆபிரிக்கக் கதிரை' இதற்குத் தக்க சான்றாகும்.

பௌஹவுஸ் 1919 இல் வால்ரர் குறோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞரால் நிறுவப்பட்டது. கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையே சாராம்சமான வேறுபாடு எதுவுமில்லை என்பது அதன் தொடக்கப் பிரகடனத்தின் உட்கிடையாகும். முதலாம் உலகப் போரின் அழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த சமூகமொன்றில், உழைப்பையும் கலையையும் மீள இணைக்கும் கனவாக அது வெளிப்பட்டது. ஹங்கேரியிலிருந்து வந்த மார்செல் புரோயர் அங்கு மரவேலை பயின்றார். கதிரை உருவான காலத்தில் அவர் இருபது வயதையும் எட்டவில்லை. மியூனிச்சிலே கலை பயின்று, போர்க்காலத்தில் தாதியாகப் பணியாற்றிவிட்டு வந்த குன்ரா ஸ்ரோல்ஸல் நெசவில் ஈடுபட்டார். இவ்விருவரதும் கூட்டுப்படைப்பே இக்கதிரை.

ஏறத்தாழ 179 சென்ரிமீற்றர் உயரமுடைய இக்கதிரை ஓர் அரியணையின் தோற்றத்தைத் தருவது. ஓக், செரி ஆகிய மரங்களாலான சட்டத்துக்கு நிறம் தீட்டப்பட்டுள்ளது. பொன்னிழை, சணல், கம்பளி, பருத்தி, பட்டு எனப் பல்வகை நூல்கள் அதன் நெசவிற் கலந்துள்ளன. இங்கு ஊன்றி நோக்கவேண்டியது அதன் ஆக்கமுறையாகும். வழக்கமாகத் தச்சன் கதிரையைச் செய்து முடித்த பின்னரே துணி அதன்மேற் போர்த்தப்படும். துணி ஆடை, மரம் உடல் என்பதே அங்குள்ள உறவு. இக்கதிரையிலோ சட்டமே தறியாகப் பயன்பட்டது. பாவு நூல்கள் சட்டத்தோடு பிணைக்கப்பட, அவற்றினூடே ஊடை சென்றது. மரத்தின் அளவை நெசவு ஏற்றது. நெசவின் இழுவிசையை மரம் தாங்கியது. நெசவை அகற்றினால் எஞ்சுவது கதிரையன்று, வெறும் சட்டமே. ஆகவே வடிவத்தை ஒருவரும் அலங்காரத்தை மற்றவரும் தந்தனர் என இப்படைப்பைப் பங்குபிரித்தல் பொருந்தாது.

எனினும் வரலாறு அவ்வாறே பங்குபிரித்தது. பல தசாப்தங்களாக இக்கதிரை ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் வாயிலாகவே அறியப்பட்டிருந்தது. 2004 இல் பேர்லினிலுள்ள பௌஹவுஸ் ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றுக்கொண்ட பின்னரே அதன் நிறங்களை ஆய்வாளர் காண முடிந்தது. புகைப்படம் கதிரையின் உருவரையைக் காத்தது, நிறத்தை இழந்தது. உருவரையை மட்டும் கண்டவர்கள் அதனைப் புரோயரின் இளமைக்கால முயற்சியாக நோக்கியதில் வியப்பில்லை. நெய்தவரின் பங்கு முழுமையாகப் பேசுவது நிறத்திலன்றோ?

இம்மறைப்புக்குப் புகைப்படம் மட்டும் காரணமன்று. வயது, பால் வேறுபாடின்றி மாணவரைச் சேர்ப்பதாகக் கூறிய அப்பள்ளியில் 1920 இல் பெண்களுக்கென ஒரு வகுப்பு ஏற்பட்டு, பின் நெசவுப் பட்டறையுடன் இணைந்தது. பெண்களிற் பெரும்பாலோர் அங்கேயே ஆற்றுப்படுத்தப்பட்டனர். கலைஞனும் கைவினைஞனும் ஒன்று என முழங்கிய நிறுவனத்தின் உள்ளேயே மரமும் உலோகமும் ஒருபுறமும் நூல் மறுபுறமுமாக ஒரு படிநிலை தோன்றியமை அதன் உள்முரண்பாட்டைக் காட்டுகின்றது. ஸ்ரோல்ஸல் 1927 இல் நெசவுப் பட்டறையின் தலைமையை ஏற்றமை அத்தடையை மீறிய சாதனையாகும்.

கதிரையின் பெயரிலும் ஒரு மௌனம் உண்டு. 'ஆபிரிக்க' என்ற அடைமொழி ஒரு முழுக் கண்டத்தையும் ஒரே பாணியாகச் சுருக்குகின்றது. ஐரோப்பிய அரும்பொருளகங்களில் குடியேற்ற ஆட்சியின் வழியாகக் குவிந்திருந்த ஆபிரிக்கக் கைவினைப் பொருள்கள் அக்காலக் கலைஞரைப் பெரிதும் கவர்ந்தன. ஆயின் அவற்றைச் செய்தோரின் பெயர்கள் பொருள்களோடு வந்து சேரவில்லை. நெய்தவரின் பெயர் பிந்தியேனும் மீட்கப்பட்டது. அவர்களது பெயர்கள் மீளவில்லை.

இக்கதிரை புரோயரின் பிற்காலச் சாதனைகளுக்கு ஈடாகாது எனச் சிலர் வாதிக்கலாம். 1925 இல் அவர் உருவாக்கிய உருக்குக் குழாய்க் கதிரையே தொழில் யுகத்துக்குரியது என்பது மறுக்கற்பாலதன்று. ஆனால் அதன் வரலாறும் இதே உண்மையையே வலியுறுத்துகின்றது. 1960 களில் இத்தாலிய நிறுவனமொன்று அதனை மீண்டும் உற்பத்தி செய்தபோது 'வசிலி' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதன் ஆக்கத்திற் பங்குகொள்ளாத ஓவியர் வசிலி கண்டின்ஸ்கியின் பெயர் அது. குழாய்க் கதிரைகளுக்கேற்ற உறுதியான துணியை மேம்படுத்திய நெசவுப் பட்டறை மாணவி மார்கறெத்தா றைகார்ட்டின் பெயரை அறிந்தோர் சிலரே.

ஒரு பொருளுக்கு ஓவியனின் பெயர் மதிப்பைக் கூட்டுகின்றது; நெசவாளியின் பெயர் அதனைக் கூட்டுவதில்லை. சந்தையின் இந்நியதியைக் கலை விமர்சனமும் தன் அளவுகோலாக ஏற்றுக்கொள்ளுமாயின், அது விமர்சனமாகாது, விலைப்பட்டியலாகவே அமையும். ஒரு கூட்டுப்படைப்பை மதிப்பிடுவோர் அதன் உருவரையோடு அமையாது, பாவையும் ஊடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பணியை ஆபிரிக்கக் கதிரையின் நிறங்கள் இன்று வேண்டி நிற்கின்றன.